ஏறியது மண்ணின் விலை. ஏறினானா மண்ணின் மகன்?

"ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு காணி நிலம் இருந்தால் போதும்; அவனே குபேரன்!" என்று பேசுகிறார்கள். தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள். திருமண வீட்டுப் பந்தலிலே பேசுகிறார்கள். பேருந்திலே பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் பெருமூச்சோடு பேசுகிறார்கள். குபேரனைக் கண்டவர் எவருமில்லை. அவன் கதையை எழுதியவனும் கண்டதில்லை. தரகரை மட்டும் எல்லோரும் காண்கிறோம். வெள்ளை வேட்டி, விலை உயர்ந்த கார், கையிலே இரண்டு கைப்பேசி, கக்கத்திலே கத்தைப் பத்திரம்! குபேரன் யார் என்று தேடிப் புராணத்தைப் புரட்ட வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலிலே அரை நாள் நின்றால் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் ஊராட்சி ஒன்றியம் ஆறு பாயும் சீமையன்று. காவிரியும் இல்லை, கால்வாய்ப் பெருக்கும் இல்லை. ஏரிதான் அதன் உயிர். மழை பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் கழனி விளையும். கழனி விளைந்தால் கூலிக்காரன் வீட்டு உலை கொதிக்கும். அந்தச் சீமையிலே நிலத்தை மதித்தவர்கள் மதகுக்கு அருகிலா, கடைமடையிலா என்று கேட்டுத்தான் மதித்தார்கள். தண்ணீருக்கு அருகே இருந்த நிலம் தங்கம். சாலைக்கு அருகே இருந்தது வெறும் மேட்டுப் புஞ்சை.

இன்றோ எல்லாம் தலைகீழ்! மதகடி நஞ்சையைக் கேட்பாரில்லை. சாலையோரப் புஞ்சைக்குச் சண்டை நடக்கிறது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடித்தளம் இடப்பட்டது. 1998-இல் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியா கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. சுங்குவார்சத்திரத்திலே சாம்சங் வந்தது, பாக்ஸ்கான் வந்தது. வல்லம் வடகாலிலே புதிய தொழிற்பேட்டை வந்தது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை அகன்றது. ஒவ்வொன்று வந்தபோதும் நிலத்தின் விலை ஒரு படி தாவிற்று.

கேட்கிறேன்: தாவவைத்தது யார்?

நிலத்துக்காரன் உழுததாலா? உழவை நிறுத்திய பிறகல்லவா விலை ஏறிற்று! தரகன் உழைத்ததாலா? அவன் தூக்கிய பாரமெல்லாம் பத்திரக் கட்டுத்தானே! சாலை போட்டது பொதுப்பணம். மின்சாரம் தந்தது பொதுத் துறை. தொழிற்பேட்டையைத் திட்டமிட்டது 1971-இல் கழக ஆட்சியிலே பிறந்த சிப்காட். தொழிற்சாலைக்குள்ளே நின்று மூன்று ஷிப்டிலும் முதுகு வளைத்தவன் தொழிலாளி. இத்தனை பேர் கூடி ஏற்றி வைத்த விலையை, இவர்களிலே ஒருவனும் அல்லாத எவனோ ஒருவன் எடுத்து மடியிலே கட்டிக்கொள்கிறான்.

இது நான் கண்டுபிடித்த புதுமையன்று. இங்கிலாந்திலே ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற பேரறிஞன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, சமுதாயம் உழைத்து உயர்த்திய நிலத்தின் மதிப்பிலே சமுதாயத்துக்குப் பங்கு வேண்டும் என்றான். அமெரிக்காவிலே ஹென்றி ஜார்ஜ், அச்சுத் தொழிலாளியாய் இருந்து எழுத்தாளனானவன், 1879-இல் ஒரு நூல் எழுதி, முன்னேற்றம் பெருகப் பெருக வறுமையும் ஏன் கூடவே வருகிறது என்று கேட்டான். 'நிலத்தின் விலையைப் பார்' என்று விடையும் சொன்னான். 1886-இல் நியூயார்க் நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றான். தோற்காமல் என்ன செய்வான்? நிலம் வைத்திருப்பவனிடம் பணம் இருக்கிறது. நியாயம் வைத்திருப்பவனிடம் நாக்கு மட்டும்தானே இருக்கிறது!

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "பார்த்தீர்களா, இவர்கள் தொழில் வளர்ச்சிக்கு விரோதிகள்!" என்று. யார், நாமா விரோதிகள்? ஐந்தாண்டுத் திட்டங்களிலே தென்னாடு புறக்கணிக்கப்படுகிறது, ஆலைகள் தா, தொழில் தா என்று தெருத்தெருவாக, மேடைமேடையாகத் தொண்டை வறளக் கேட்டவர்கள் நாம். கேட்டது வந்தது, மகிழ்ந்தோம். வந்த விருந்திலே பரிமாறியவனுக்கு இலை போடவில்லையே என்றுதான் இப்போது கேட்கிறோம்.

கணக்கொன்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளும் தொகை இது. எந்த ஊரின் உண்மை விலையுமல்ல. சிறு உழவன் ஒருவன், மகள் திருமணத்துக்கும் மருத்துவமனைக் கடனுக்குமாக, ஒரு ஏக்கரை 20 லட்சத்துக்கு விற்கிறான். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. தரகன் அதிலே பாதை விடுகிறான், பூங்காவுக்கு இடம் ஒதுக்குகிறான். விற்கக் கிடைப்பது பத்திலே ஆறு பங்கு என்று கொள்வோம். ஏறத்தாழ 26,000 சதுர அடி. சதுர அடி 500 ரூபாய் என்றால் 1 கோடியே 30 லட்சம்! சாலைக்கும், கல் நடுவதற்கும், விளம்பரத்துக்கும், வட்டிக்கும் தாராளமாகவே கழித்துக்கொள். மிச்சத்தைப் பார். மண்ணை மூன்று தலைமுறை உழுதவனுக்கு இருபது. மஞ்சள் கல் நட்டவனுக்கு அதைப்போலப் பல மடங்கு!

அந்தப் பாதையும் பூங்காவும்கூடக் கவனிக்கத்தக்கவை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெற வேண்டுமானால் அவற்றை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். நல்ல விதி. வரைபடத்திலே பச்சை வண்ணத்திலே பூங்கா சிரிக்கும். பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், பூங்கா இருக்க வேண்டிய இடத்திலே வீடு ஒன்று எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஊர்களும் உண்டு.

அடுத்து, தொழிலாளத் தோழன் நன்றாக மனத்திலே வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி. நிலத்துக்கு இரண்டு விலை. பத்திரத்திலே ஒரு விலை. பையிலே ஒரு விலை. பத்திரத்திலே காட்டுவது அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு. பையிலே கைமாறுவது கணக்கில் வராத பணம். அந்த வழிகாட்டி மதிப்பும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2012-இல் உயர்ந்தது. 2017 ஜூனிலே ஒரே வெட்டாக 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஆனால் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக ஏற்றப்பட்டது. 2023 ஏப்ரலிலே பழைய மதிப்பு திரும்பிற்று. கட்டணம் 2 விழுக்காடாக இறங்கிற்று. முறைப்படி மக்களிடம் கருத்துக் கேட்காமல் சுற்றறிக்கையால் உயர்த்தியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டு, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்பு வந்தது. மேலே, கீழே, மறுபடி மேலே! ராட்டினத்திலே ஏறிய குழந்தைக்குக்கூட இத்தனை மயக்கம் வந்திராது.

"விலையைக் குறைத்துக் காட்டினால் முத்திரைச் செலவு மிச்சம்தானே, நமக்கென்ன நட்டம்?" என்று உழவன் நினைக்கிறான். தரகனும் அப்படித்தான் காதிலே ஓதுகிறான். நட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது, தெரியுமா? நிலம் கையகப்படுத்தும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலே! சாலைக்கோ ஆலைக்கோ அரசு நிலம் எடுக்கும்போது விலையை எப்படித் தீர்மானிக்கிறது? வழிகாட்டி மதிப்பைப் பார்க்கும். சுற்றுவட்டாரத்திலே கடந்த மூன்றாண்டில் பதிவான கிரயப் பத்திரங்களிலே, அதிக விலை காட்டிய பாதியை எடுத்து அதன் சராசரியைப் பார்க்கும். இவற்றிலே எது கூடுதலோ, அது அடிப்படை. ஊர்ப்புறம் என்றால் தொலைவைப் பொறுத்து அதை இரண்டு மடங்குவரை பெருக்கலாம். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு தொகை ஆறுதல் தொகையாகச் சேரும். ஆக, சராசரியே அடிப்படையாகும் இடத்திலே, அது ஒரு ரூபாய் குறைந்தால் இழப்பீட்டிலே குறைந்தது இரண்டு ரூபாய் போகும். இடத்தைப் பொறுத்து நான்கு ரூபாயும் போகும்! இதிலே கொடுமை என்னவென்றால், உன் நிலத்தின் விலையை உன் பத்திரம் தீர்மானிப்பதில்லை. பக்கத்து நிலத்தை வாங்கியவன், கறுப்புப் பணத்தை மறைக்க எழுதிய பொய்ப் பத்திரம் தீர்மானிக்கிறது. அவன் பொய் சொன்னான், அபராதம் உனக்கு.

அபராதம் உனக்கு மட்டுமா? உன் ஊராட்சிக்கும்தான். கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு. அதற்கு மேல் உள்ளாட்சிகளுக்கென்று வசூலாவது 2 விழுக்காடு. பத்திரத்திலே ஒரு கோடி குறைத்தெழுதினால் உள்ளாட்சிக்குரிய இரண்டு லட்சம் காற்றிலே போயிற்று. தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சித் தலைவரை ஏசுகிறோம். விளக்குக்குரிய எண்ணெய் எந்தப் பத்திரத்திலே வடிந்து போயிற்று என்று பார்க்கிறோமா?

நிலவரியோ அதைவிட வேடிக்கை. தீர்வை என்பது வெள்ளைக்காரன் காலத்திலே மண்ணின் தரமும் பாசனமும் பார்த்து வகுத்தது. கழனிக்குப் பக்கத்திலே கார்த் தொழிற்சாலை எழுந்தாலும் தீர்வை அறியாது. கோடிக்கு விலை பேசினாலும் தீர்வை அறியாது. அது தூங்குகிறது. ஆஸ்திரேலியாவிலே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைப் பாருங்கள். ஒவ்வோராண்டும் ஜூலை முதல் நாள் என்ன மதிப்போ, அதை நிலத்துக்கு மட்டும், கட்டடத்தைச் சேர்க்காமல், மாநில மதிப்பீட்டு அதிகாரி கணக்கிடுகிறார். உள்ளாட்சி மன்றம் அந்த மதிப்பைக் கொண்டே வரியைப் பகிர்கிறது. எவன் நிலம் மற்றவன் நிலத்தைவிட அதிகம் ஏறியதோ, அவன் பங்கு கூடுகிறது. மதிப்பு தவறு என்றால் உரிமையாளன் ஆட்சேபணை தரலாம். அந்த நாட்டை அப்படியே இங்கே நட வேண்டும் என்று சொல்லவில்லை. நம் சிறு உழவன் தலையிலே புதுவரி ஏற்றவும் சொல்லவில்லை. உழாமல், விதைக்காமல், கட்டாமல், வேலி மட்டும் போட்டு விலைக்குக் காத்திருக்கிறானே, அவனிடம் கேட்கலாமே என்கிறேன்.

இதுவரை நிலம் உள்ளவன் கதை. நிலமே இல்லாதவன் கதை?

நாற்று நட்டவளுக்கு நிலத்தின் விலை ஏறியதால் என்ன வந்தது? வேலை போயிற்று. கதிர் அறுத்தவனுக்கு என்ன வந்தது? தொழிற்சாலை வாயிலிலே, ஒப்பந்தக்காரனின் கீழே, காவலாளி உடுப்பு வந்தது. வாய்மொழியாகக் குத்தகைக்கு உழுதவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. விற்பனையன்று அவனுக்கு ஒரு வெற்றிலைப் பாக்குகூட வரவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று ஏற்கிறது; மறுவாழ்வு தர வேண்டும் என்கிறது. உண்மை. ஆனால் அது அரசு எடுக்கும் நிலத்துக்கு. தனியாரிடையே நடக்கும் சாதாரண மனை வியாபாரத்திலே கூலிக்காரன் கணக்கிலேயே வருவதில்லை. தமிழ்நாட்டிலே தொழிலுக்கும் சாலைக்கும் நிலம் எடுக்க 1997, 2001 ஆண்டுகளின் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்பிற்று. இழப்பீட்டு அட்டவணை அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் நிலம் எடுக்கும் முன்பு, 'இந்த ஊரிலே யார் யார் வாழ்வு என்ன ஆகும்' என்று உட்கார்ந்து ஆராயும் சமூகத் தாக்க ஆய்வு இல்லை. அந்த ஆய்விலேதானே கூலிக்காரனின் பெயர் முதன்முதலாக ஏறும்! அதைத் தவிர்த்தால் அவன் மறுபடி பெயரற்றவன். நம்மவர் ஆண்டாலும் அடுத்தவர் ஆண்டாலும் இந்தக் குறையைச் சுட்டத்தான் வேண்டும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது இந்தச் சீமை. அந்தப் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வர வேண்டியவர் ஒருவர் உண்டு: ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர். தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டை 1891-இல் அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது. எவ்வளவு தெளிவான நிபந்தனை! ஆனால் நடந்தது என்ன? கடனுக்குக் கைநாட்டு, கள்ளுக்குக் கைநாட்டு, மிரட்டலுக்குக் கைநாட்டு. நிலம் நழுவிற்று. தரிசாய்க் கிடந்தவரை அதைத் திரும்பிப் பாராதவர்கள், மனை விலை ஏறியதும் கம்பி வேலியோடு வந்தார்கள். 1994 அக்டோபரிலே காரணையில் தங்கள் நிலத்தை மீட்கப் போராடியவர்களுக்காகச் செங்கற்பட்டிலே எழுந்த கிளர்ச்சியில், காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் பலியானார்கள். விலை ஏறாத நிலத்துக்காக எவனும் துப்பாக்கி தூக்குவதில்லை, தோழர்களே!

விலையிலும் சாதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஊர், ஒரே மண், ஒரே நிலத்தடி நீர். ஊர்த்தெருவுப் பக்கம் என்றால் தரகன் குரல் உயர்கிறது. "காலனியை ஒட்டியது" என்றால் குரல் தாழ்கிறது, விலையும் தாழ்கிறது. காலனிக்காரனிடம் வாங்கும்போது அந்தத் தாழ்வைச் சொல்லிக் குறைப்பான். வேலி போட்டு, வளைவு கட்டி, ஆங்கிலப் பெயர் சூட்டி விற்கும்போது அதே தாழ்வை மறந்துவிடுவான். தீண்டாமையிலும் இலாபம் பார்க்கத் தெரிந்தவன்!

தொழிலாளிக்கு வருவோம். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா தொழிற்சாலையிலே உற்பத்தி நின்றது. ஆயிரமாயிரம் இளைஞர்களும் இளம்பெண்களும் தெருவிலே நின்றார்கள். நிலத்தின் கதி? அது தெருவிலே நிற்கவில்லை. 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முன்வந்தது. வேலை போனவனின் வயது திரும்பி வரவில்லை. மண்ணுக்கோ வயதே ஆவதில்லை. 2024 செப்டம்பரிலே சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த 37 நாளில் வீட்டு வாடகை ஒரு நாளாவது வேலைநிறுத்தம் செய்ததா? கூலி ஐந்நூறு ஏறினால் வாடகை ஆயிரம் ஏறுகிறது. நிலத்தின் விலையேற்றம் தொழிலாளியின் சம்பள உறைக்குள்ளே கைவிடும் வழி இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரிலே, விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்தார்கள். நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில், சிப்காட் நிலத்தில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பொது நிலத்திலே பொது அமைப்பு கட்டினால் வாடகைக்காரன் பிடியிலிருந்து தொழிலாளியை விடுவிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். ஒன்றோடு நின்றால் பெருமைப்பட மாட்டேன்.

அடுத்த வட்டாரமான பரந்தூரைப் பற்றிச் சொல்லாமல் போனால், "இவன் பயந்து ஒதுங்கினான்" என்பீர்கள். 2022 ஆகஸ்டிலே விமான நிலையத்துக்கு அந்த இடம் அறிவிக்கப்பட்டது. 13 ஊர்களின் நிலம். ஏகனாபுரத்தார் கிராம சபையிலே மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "அவர்கள் விலையைக் கூட்டத்தான் கத்துகிறார்கள்" என்று நகரத்திலே நாற்காலியில் சாய்ந்தபடி சிலர் பேசுவது அநியாயம். விலைக்காகக் கத்துகிறவன் ஓட்டை விட்டுக்கொடுக்க மாட்டான். ஏரியும், கழனியும், செத்தவரைப் புதைத்த மண்ணும் வழிகாட்டி மதிப்பிலே எந்தப் பத்தியிலே வருகின்றன என்று அவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டுப் பிறகு விமானம் விடலாம்.

சட்டத்திலேயே நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 102-ஆம் பிரிவைப் படியுங்கள். எடுத்த நிலத்தை மேம்படுத்தாமலே ஐந்தாண்டுக்குள் வேறொருவருக்கு விற்றால், ஏறிய மதிப்பிலே 40 விழுக்காடு பழைய உரிமையாளர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. நகரமைப்புக்காக எடுத்தால் மேம்படுத்திய நிலத்திலே 20 விழுக்காடு பழைய உரிமையாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. ஆக, 'ஏறிய விலையிலே இழந்தவனுக்குப் பங்கு உண்டு' என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது! அந்தப் பங்கை ஏன் அந்த ஒரு மூலையிலே அடைத்து வைக்க வேண்டும்? சிப்காட் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் தருகிறதே, அந்தக் குத்தகையிலே ஆண்டுதோறும் ஒரு பகுதி நிலம் தந்த ஊராட்சிக்கு என்று எழுதினால் எந்த முதலாளி ஓடிப்போவான்? அந்தத் தொகையிலே முதல் உரிமை நிலமற்ற கூலிக்காரன் வீட்டுக்கு என்று தீர்மானித்தால் எந்த வானம் இடிந்து விழும்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிளைக் கழகத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். நமது ஊராட்சிக்கு முத்திரைத் தீர்வைப் பங்காகச் சென்ற ஆண்டு வந்த தொகை எவ்வளவு? ஊர் எல்லைக்குள் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகள் எத்தனை? அவற்றின் தானப் பத்திரங்கள் எங்கே, பூங்கா நிலம் எந்தப் புல எண்ணிலே இருக்கிறது? ஊரிலே பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று யார் கையிலே? இந்த நான்கு கேள்வியையும் எழுத்திலே கொடுங்கள். தீர்மானப் புத்தகத்திலே ஏறும்வரை கூட்டத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.